கல்லில் இருந்த கண்

பிரெஞ்சுக்காரன் வெளியேற வேண்டுமென்று காரைக்கால் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து அலமாரிகளை அடித்து நொறுக்கினோம். தடுக்க வந்த விஞ்ஞான வாத்தியார்மேல், அலமாரியிலிருந்து கையில் அகப்பட்ட கல்லை எறிந்தேன். அவருடைய இடது கண் கிழிந்து சட்டை முழுக்க ரத்தம்.

அவர் தரையைத் தடவி அந்தக் கல்லை எடுத்தார். கரப்பான் மாதிரி ஒரு கடல் பூச்சி அதில் கல்லாகியிருந்தது.

“உலகத்துல முதன்முதலா கண்ணு வந்த உயிர்க் கூட்டம் தம்பி இது. நல்லவேளை, அந்தக் கண்ணு உடையல.”

சிப்பாய் வந்து யார் எறிந்தது என்று கேட்டான். வாத்தியார் மிச்சமிருந்த கண்ணால் என்னையே பார்த்தபடி, “பார்க்கலைங்க” என்றார்.

பார்க்காதவன் நான்தான். எறிந்தபோது எனக்குத் தெரிந்தது அவருடைய பிரெஞ்சுத் தொப்பி மட்டுமே.