செவ்வாய்க்கிழமை அந்தோனியார் டூட்டி

“இன்னிக்கி உன் டூட்டி நைனா. தூங்கி வழியாத” என்று சொல்லிக்கொண்டே அந்தோனியார் படத்தை முந்தானையால் துடைத்து, இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார் ஞானம்மா. நேற்று அங்கே நின்ற செபஸ்தியார் பழைய செய்தித்தாளுக்குள் ஓய்வெடுக்கப் போய்விட்டார். கும்மிடிப்பூண்டி பைபாஸில் இப்போதுதான் வெளுக்கிறது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்கள் வருவதற்குள் முதல் ஈடு இறங்கியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் கம்பெனி ஆட்களுக்குத்தான் ஷிஃப்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞானம்மாவின் தள்ளுவண்டியில் புனிதர்களுக்கும் உண்டு. செவ்வாய் அந்தோனியார், புதன் சூசையப்பர், சனிக்கிழமை மாதா. வியாழன் யூதா ததேயு. நடக்கவே நடக்காது என்று எல்லோரும் கைகழுவிய காரியங்கள் அவருடைய இலாகா. காண்ட்ராக்ட் பையன்களைப் பர்மனென்ட் ஆக்குகிற வேலையை ஞானம்மா அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். “அவரும் இன்னாதான் பண்ணுவாரு பாவம்? ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் போய் நின்னுக்கினுதான் கீறாரு” என்று அவருக்காகப் பரிந்தும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. “அது ஆண்டவரு நாளு. அன்னிக்கி இவங்களுக்கும் வீக் ஆஃப். எல்லாரும் போய் அவருக்கு முன்னால முட்டி போடணும்ல?”

நான் ஞானம்மா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒரு பைப் கம்பெனியில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். “மாடி சார், இன்னா மூஞ்சி தொங்கிக்கினு கீது?” என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் என் தலையில் ஒரு புனிதரைக் கட்டிவிடுவார். நான் முருகனைக் கும்பிடுகிறவன் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. ஒருமுறை வாய்க்கொழுப்பில், “இத்தனை சாமியை வெச்சு எப்படிக்கா சமாளிக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன். சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. “இந்தா பாரு. சாமி ஒண்ணுதான். இவங்கள்லாம் சாமிகிட்ட கீற நம்ம ஆளுங்க. ஆராதன அவருக்கு, வணக்கம் இவங்களுக்கு. தெரியாம பேசாத.” அன்று எனக்கு இரண்டாம் முறை சட்னி கிடைக்கவில்லை.

வணக்கம் என்று சொல்கிறாரே தவிர, அதட்டல்தான் அதிகம். லாரி ஓட்டுகிற வெங்கடேசன் ஒருநாள் செல்போனைத் தொலைத்துவிட்டு அழாக்குறையாக வந்து நின்றான். தொலைந்ததைத் தேடித் தருவது அந்தோனியார் இலாகா. ஞானம்மா அவர் படத்தைக் குப்புறக் கவிழ்த்தார். “போன் கெடைக்கற வரைக்கும் நீ இப்டியே கெட. ஒரு புள்ள அய்துக்கினு கீறான், உனக்கு இன்னா ஜாலி?” மதியம் அவன் லாரி சீட்டுக்கு அடியிலேயே போன் கிடைத்தது. அந்தோனியார் நிமிர்த்தப்பட்டார், ஒரு மெழுகுவத்தியும் கிடைத்தது. வெங்கடேசன் இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை என்றால் வண்டியின் ஸ்டீரிங்கைத் தொடுவதற்கு முன் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறான்.

இதற்கெல்லாம் வேதத்தில் இடமிருக்கிறதா என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். பங்குக் கோயிலில் வேதம் கற்றுத்தரும் உபதேசியார் ஜோசப் சொல்லிக்கொடுத்ததை ஞானம்மா தன் பாணியில் அவிழ்த்துவிடுவார். “கானா ஊர்ல ஒரு கல்யாணம். திராட்சரசம் தீந்துபோச்சு. மாப்ளைக்குத் தெரியல, பந்தி பாக்கறவனுக்குத் தெரியல. யாரு கண்ல பட்டுச்சு? மாதா கண்ல. புள்ளகிட்ட போயி ஒரே வார்த்த. அவரு இன்னும் என் நேரம் வரலன்றாரு. அம்மா உட்டாங்களா? வேலக்காரங்கள கூப்ட்டு, அவரு இன்னா சொல்றாரோ அத்த செய்ங்கன்ட்டு போய்க்கினே இருந்தாங்க. பந்தியில ஒண்ணு கொறஞ்சா பொம்பளைக்குத்தாண்டா தெரியும்!” அடுத்தது எலிசா கதை. செத்தவன் ஒருத்தனைத் தீர்க்கதரிசியின் கல்லறையில் போட்டார்களாம், எலும்பு பட்டதும் எழுந்து நின்றானாம். “எலும்புக்கே அவ்ளோ பவரு!” வெங்கடேசன் தட்டைத் தள்ளி வைப்பான். “யக்கா, நாஷ்டா துன்ற நேரத்துல பொணத்த பத்திப் பேசாத, பேஜாரா கீது.”

இப்படி ஊருக்கெல்லாம் சிபாரிசு பிடித்துக் கொடுத்தவருக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை வந்து சேர்ந்தது. ஒரே மகள் சுகிர்தா, கேபிள் கம்பெனியில் வேலை. அதே கம்பெனி பஸ்ஸில் வருகிற மீஞ்சூர்ப் பையன் ஜெரால்டுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. நல்ல பையன். ஞானம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பையனின் அப்பா ராஜமாணிக்கம் புராட்டஸ்டண்ட் சபை ஒன்றில் மூப்பர். புனிதர், சொரூபம் என்றாலே அவருக்கு ஆகாது.

முதல் தடவை வந்தபோது, “ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்று கும்பிட்டபடி நுழைந்தவர், கூடத்து அலமாரியைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார். கையில் குழந்தை யேசுவோடு முழங்கை உயரத்துக்கு அந்தோனியார், பக்கத்தில் மாதா, உடம்பெல்லாம் அம்போடு செபஸ்தியார். கொடுத்த தண்ணீரைக்கூட அவர் வாங்கவில்லை. “மன்னிக்கணும் சிஸ்டர். இதுங்க இருக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். நிச்சயத்துக்கு வர்றதுக்குள்ள எடுத்துடுங்க. இல்லன்னா நிச்சயமே வேண்டாம்.” பேச்சில் சபைத் தமிழின் கஞ்சி மொடமொடத்தது.

விஷயம் கேள்விப்பட்டு உபதேசியார் ஜோசப் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மூப்பர் யாத்திராகமத்தைச் சொன்னார்; உபதேசியார் விடுதலைப் பயணத்தைச் சொன்னார். இரண்டும் ஒரே புத்தகம்தான், இவர்கள் வைத்திருக்கிற பெயர்தான் வேறு என்பது பாதிச் சண்டையில்தான் எனக்குப் புரிந்தது. “சிலை செய்யாதேன்னு கட்டளை இருக்கு பிரதர்!” “பேழைக்கு மேல ரெண்டு கெருபீம் தூதரு சிலை செய்யச் சொன்னது யாரு? வெண்கலப் பாம்பு செய்யச் சொன்னது யாரு?” “அந்தப் பாம்புக்கு ஜனங்க தூபம் காட்டினப்போ எசேக்கியா ராஜா உடைச்சுப் போட்டாரே, அது யாரு சொல்லி?” ஆட்டம் டிராவில் முடிந்தது. இருவருக்கும் போட்ட காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ஞானம்மா இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

ராஜமாணிக்கம் போனபிறகு சுகிர்தா சொன்னாள், “எனக்கு அவரு வோணும்மா. ஆனா உன்ன அழவெச்சுக்கினு கட்டிக்க மாட்டேன்.” ஞானம்மா மூக்கைச் சிந்தினார். “யாருடி அழுவறா? வெங்காயம் அரிஞ்சேன்” என்றார். அந்த வீட்டில் அன்று வெங்காயமே இல்லை.

மறுநாள் மதியம் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞானம்மா நிற்கிறார். அந்தோனியாரும் செபஸ்தியாரும் பின்னால் படிக்கட்டில் காத்திருக்கிறார்கள். “மாடி சார், கொஞ்ச நாளைக்கு இவங்க உங்க ஊட்ல இருக்கட்டும்.” சொரூபத்தை இறக்கி வைத்துவிட்டு அதன் கன்னத்தைத் தடவினார். “கோச்சுக்காதம்மா. உன் புள்ளைக்காக நீ எகிப்து வரிக்கும் ஓடின. எம் பொண்ணுக்காக ஒரு மாடி ஏற மாட்டியா?” சொன்னவுடன் என் வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அப்படி அழுது அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மனைவி ஜோதிலட்சுமி ஒன்றும் கேட்காமல் முருகன் படத்தை ஓரமாக நகர்த்தினாள். சாயங்காலம் எல்லோருக்கும் சேர்த்தே விளக்கேற்றினாள். “ஊட்டுக்கு வந்தவங்கள இருட்டுலயா உக்கார வெப்பாங்க?” என்றாள்.

நிச்சயத்தன்று ராஜமாணிக்கம் உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார். காலி. சொரூபங்கள் நின்ற இடத்தில் மட்டும் சுவர் வெளிறிக் கிடந்தது. அவருக்குத் திருப்தி. நீளமாக ஒரு ஜெபம் செய்தார். உபதேசியார் ஜோசப் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். இலை போட்டாயிற்று. ராஜமாணிக்கம் இலையில் தண்ணீர் தெளிக்கக் கையை நீட்டியபோது ஞானம்மா எதிரில் வந்து நின்றார்.

“சம்பந்தி, நீங்க சொன்னீங்கன்னு எல்லாத்தையும் எறக்கிட்டேன். இப்ப எனக்காக ஆண்டவருகிட்ட பேசறதுக்கு ஆள் இல்ல. உங்க சம்சாரம் எஸ்தரம்மா பெரிய ஜெபக்காரின்னு மீஞ்சூரே சொல்லுது. செத்துப்போயி ஆண்டவருகிட்டதான கீறாங்க? அவங்க போட்டோ ஒண்ணு குடுங்க. அங்க வெச்சிக்கறேன்.”

ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. “சிஸ்டர், செத்தவங்ககிட்ட பேசறது பாவம்!” என்றார் மூப்பர். “ஐயையோ ஞானம்மா, ரோமாபுரியில விசாரிச்சு அறிவிச்சாத்தான் புனிதரு! நீயா ஒருத்தர ஏத்தி வெக்க முடியாது. பங்குச்சாமி என் தலைய எடுத்துடுவாரு!” என்றார் உபதேசியார். அத்தனை வசனம் பேசி மோதிக்கொண்ட இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்திருந்தார்கள். இந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

“நான் இன்னா கோயில்லயா வெக்கப்போறேன்? என் ஊட்டு அலமாரி.” ஞானம்மா அசையவில்லை. “எங்க ஊட்டுக்காரர வெச்சிக்கலாம்தான். அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவே நான் கேட்டது எதையும் செஞ்சதில்ல. இப்பப் போயி கேப்பாரா? எஸ்தரம்மா நான் மூஞ்சிகூட பாக்காத சம்பந்தி. இந்தப் புள்ளைங்க நல்லாருக்கணும்னு என்னைய மாரி அவங்களுக்கும் இருக்கும்ல? அத்தான் கேக்கறேன். நீங்க அவங்ககிட்ட பேசறதே இல்லயா?”

“இல்லை” என்றார் ராஜமாணிக்கம்.

“அப்பா” என்றான் ஜெரால்டு. அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன். “தெனம் பைக் எடுக்கறப்போ, போய்ட்டு வரேன் எஸ்தருன்னு சொல்ற. நான் கேட்டுக்கினுதான் கீறேன்.”

மூப்பர் மகனை முறைத்தார். முறைத்த கண் நிறைந்துவிட்டது. தோள் துண்டால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தார். போயிற்று, சம்பந்தம் முறிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சுகிர்தா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டோ பொறவு தரேன்” என்றார் அவர். சபைத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. “ஆனா அவள ஒண்டியா வெக்காதீங்க சிஸ்டர். எஸ்தரு ஒரு நாளும் ஒண்டியா ஜெபம் பண்ணவ இல்ல. தெருவுல நாலு பேர இட்டுக்கினு வந்து உக்கார வெச்சிக்கினுதான் ஆரம்பிப்பா.” காலி அலமாரியைப் பார்த்தார். “அதுங்கள எங்க வெச்சிக்கீறீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாடியைக் காட்டினேன். அவர் விறுவிறுவென்று படியேறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். முருகனையும் ஜோதிலட்சுமியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய் அந்தோனியாரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்.

“நான் கும்புட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!” என்று மேலிருந்தே கத்தினார்.

“உங்கள யாரு கும்புடச் சொன்னது? பிளாஸ்டரு அது, பாத்து எடுத்தாங்க!” கீழிருந்து ஞானம்மாவின் குரல் வந்தது.

சூடான குண்டானைத் தூக்குகிறவர்போல் சொரூபத்தை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு படியிறங்கினார் மூப்பர். ஞானம்மா வீட்டு வாசல் குட்டை. நிலை இடிக்கும் என்று எச்சரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே நின்றார். அந்தோனியாரை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த குழந்தையின் தலைமேல் தன் உள்ளங்கையைக் கவித்துப் பிடித்தபடி, நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.