எட்டு வெள்ளைப் பக்கங்கள்

மாப்பிள்ளை ஏகாம்பரம் காலமாகிவிட்டார் என்ற சேதி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். பாதி முகம் மழித்திருந்தது. மீதி முகத்துச் சோப்போடு தேரடித் தெரு நீளத்துக்கும் ஓடினேன். அவர் இருந்திருந்தால் அதையே ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போட்டிருப்பார்.

என் தங்கை சரசுவின் கணவர் அவர். எழுபதுகளின் நடுவில் தாலுகா ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, காலால் மிதிக்கும் பழைய டிரெடில் மிஷின் ஒன்றை வாங்கி, சோதனை இலக்கியத்துக்கென்றே பதிப்பகம் தொடங்கினார். மிஷின் ஓடும் சத்தத்தில் எங்கள் ஊர் மலையே வேறு ஊர் பார்க்கலாமா என்று யோசித்தது. முற்றுப்புள்ளியே இல்லாத நாவல், தலைகீழாக அச்சிட்ட கவிதை எல்லாம் திருவண்ணாமலையிலிருந்துதான் உலகத்துக்குப் புறப்பட்டன. முந்நூறு பிரதி அடிப்பார். உலகம் பன்னிரண்டு வாங்கும்.

"ஒண்ணும் புரியலையே மாப்ளே" என்பேன்.

"புரியலைன்னா இன்னொரு தபா படிங்க மச்சான். புரிஞ்சிட்டா ரெண்டு தபா படிங்க" என்பார்.

அவர்களுடைய ஒரே பெண் காய்ச்சலில் போனபிறகு சரசு எட்டு நாள் வாய் திறக்கவில்லை. அதைத்தான் அவர் நாவலாக எழுதினார். அவர் எழுதியதே அது ஒன்றுதான். நடுவில், நாளுக்கு ஒன்றாக எட்டுப் பக்கங்களை வெறுமையாக விட்டார். அச்சுக் கணக்கில் சரியாக ஒரு ஃபாரம், மடித்துத் தைக்கும் ஒரே தாள்.

பிரதிகள் தபாலில் போன பிறகு சரசு ஒன்றை எடுத்துப் படித்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "நான் பேசாம இருந்த நாளெல்லாம் எங்கங்க?" என்று கேட்டாள்.

பைண்டர் முனுசாமியிடம் ஓடினோம். மகா நேர்மையான மனிதர். "வெள்ளத் தாளு கலந்துபோச்சு சார். ஒண்ணு விடாம உருவிட்டேன்" என்றார் பெருமையாக. உருவியதை வீணாக்காமல் தெருப் பிள்ளைகளுக்கு நோட்டு தைத்துக் கொடுத்திருந்தார். என் தங்கையின் மௌனத்தில் ஏழாம் வாய்ப்பாடு எழுதி முடித்திருந்தார்கள்.

பத்திரிகைகள் முதல் முறையாக அவரைப் பாராட்டின, எங்கும் நிற்காத வேகம் என்று. "ஒரே மூச்சுல படிச்சிட்டேன் மாப்ளே" என்று நானும் சொல்லியிருந்தேன். அந்த வாயால்தான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெட்ராஸ் பதிப்பாளர் ஒருவர் மறுபதிப்புக் கேட்டு வந்தார். அந்த எட்டுப் பக்கத்தோடு போடச் சொன்னார் மாப்பிள்ளை. அச்சுப்பிழை என்று வாசகர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் வந்தவர். "அப்ப வேணாங்க" என்றார் மாப்பிள்ளை. அப்புறம் மிஷினை விற்றார். ஒரு வரிகூட எழுதவில்லை.

காரியம் முடிந்து நேற்று இரங்கல் கூட்டம். அவர் இருந்தவரை அச்சகத்துப் பக்கமே ஒதுங்காத இருநூறு மேதைகள் வந்திருந்தார்கள். ஆறு பேர் அந்த வேகத்தையே புகழ்ந்தார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம் என்று எழுந்து நின்றோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இருபத்திரண்டாவது விநாடியில், "நன்றி, அமரலாம்" என்றார் தலைவர்.

நான் உட்காரவில்லை. முன்வரிசையில் சரசுவும் உட்காரவில்லை.

"பெரியவரே, உக்காருங்க, மறைக்குது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மறைக்கட்டும் மாப்பிள்ளை. நீங்கள் நிதானமாகப் போய் வாருங்கள்.