உலக்கைச் சத்தத்தோடு ஓர் இசைத்தட்டு

மங்கம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் ஜவ்வாது மலையில் கிடையாது. போளூரில் ரேடியோ செட்டு வாடகைக்கு விடும் இந்த உஸ்மானும் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் அவள் சாமை குத்திக்கொண்டே பாடினால் போட்டது போட்டபடி நின்றுவிடுவேன். அவளும் பக்கத்து வீட்டுக் காந்தாவும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஒருத்தி அடி எடுத்தால் மற்றவள் முடிப்பாள்.

எழுபத்தெட்டில் பிரான்சிலிருந்து மிஷேல் என்றொருவர் வந்தார். இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியாம். என்ன பெரிய கம்பெனி! பாரீசில் ஒரே அறை; முதலாளி, தொழிலாளி எல்லாம் அவரும் அவர் மனைவியும்தான். பெரிய கம்பெனிகள் சீந்தாத பாட்டுகளைத் தேடிப்போய்ப் பதிவு செய்து, தட்டு போட்டு, தாங்களே அட்டை ஒட்டிக் கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். புதுச்சேரியில் பழகிய அரைகுறைத் தமிழில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. மலைக்கு நானே கூட்டிப்போனேன்.

மங்கம்மாளுக்கு ஒரே ஆசை. காந்தாவின் புருஷனுக்குக் கணியம்பாடியில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் குடும்பத்தோடு மலையிறங்குகிறார்கள். "நாங்க ரெண்டு பேரும் சேந்து பாட்றது தட்டுல வரணும் பாய். அப்பால நான் யாரோட பாடுவேன்?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஷேலுக்கோ உலக்கைச் சத்தம் இடைஞ்சல். சும்மா உட்கார்ந்து பாடுங்கள் என்று கையைக் காட்டினார். வந்தது வினை! அந்த ஊரில் பெண்கள் வேலை செய்யாமல் உட்கார்ந்து பாடுவது ஒப்பாரி ஒன்றுதான். காந்தா மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். தேடி வந்தவரை ஏமாற்றக் கூடாதே என்று மங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஓர் ஒப்பாரி! மிஷேல் கண்ணை மூடி ரசிக்கிறார். நான் தடுக்கப் போனால் கையமர்த்துகிறார்.

கொல்லையிலிருந்து அவள் புருஷன் ரங்கசாமி அரிவாளோடு ஓடிவந்தான். "அய்யோ, இன்னாடி ஆச்சு? யாரு செத்தது?"

"நீதான்யா. உன்ன நெனச்சாத்தான் எனக்கு அழுவ வருது. போய் வேலயப் பாரு."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் புரிந்ததும் மிஷேலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கொண்டுவந்த டேப் தீரப்போகிறது. மிச்சம் ஒரு பாட்டுக்குத்தான் வரும் என்றார்.

மங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. உரலில் சாமையைக் கொட்டினாள். "ஒலக்கய எடுடி காந்தா! தொர, நீ மிசினப் போடு. சத்தம் வந்தா வரட்டும், அதாம்பா பாட்டு!"

மறுவருஷம் எனக்குப் பார்சலில் தட்டு வந்தது. காந்தாதான் முதலில் கேட்க வேண்டும் என்று மங்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளையும் செட்டையும் ஏற்றிக்கொண்டு கணியம்பாடி போனேன். காந்தா வீட்டெதிரே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தட்டில் ஊசியை வைத்தேன்.

"ஒலக்கய எடுடி காந்தா!" என்று தெருவே அதிர்ந்தது. புண்ணியவான், அதை வெட்டாமல் விட்டிருந்தார்! உள்ளே அடுப்படியில் இருந்த காந்தா, பழக்க தோஷத்தில் நிஜமாகவே உலக்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். வாசலில் மங்கம்மாள் நிற்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் பாட்டில் பாதி காதில் விழவில்லை.

பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய் ஊசியை எடுப்பதற்குள் அவர்கள் காந்தாவின் உரலில் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.