நாலு டம்ளர் குளுக்கோஸ்

அந்த வாரம் எங்கள் ஊர் உப்பளத்தில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள் ஒரே செட்டாக உப்பு சுமப்பார்கள். முதலில் ஒருத்தி தும்மினாள், மறுநாள் நாலு பேர், அப்புறம் அம்மா. ஒரே காய்ச்சல்தான். மற்ற ஐந்து பேரும் நாலு நாளில் எழுந்து கூடையைத் தூக்கிவிட்டார்கள். அம்மா எழவில்லை.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திமிர்தான், வேறென்ன. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு லேபில் இன்டர்வியூ கொடுத்துவிட்டு, பதில் வருமா என்று போனையே நோண்டிக்கொண்டிருந்த நேரம்.

"ஃப்ளூதாம்மா. தண்ணி குடிச்சிட்டுப் படு, அதுவா போயிடும்."

"தண்ணியாத்தாண்டி குடிக்கிறேன். தாகம் அடங்க மாட்டேங்குது."

"வருஷமெல்லாம் வெயில்ல காஞ்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு எழுந்து போய் குளுக்கோஸ் கலந்தேன். எங்கள் அளத்தில் அதுதான் வழக்கம். மேஸ்திரியின் தார்ப்பாய்க் கொட்டகையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் டப்பா எப்போதும் இருக்கும். வெயிலில் யாராவது தலைசுற்றி உட்கார்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ரெண்டு ஸ்பூன். பத்து நிமிஷத்தில் ஆள் எழுந்து கூடையைத் தூக்கிவிடும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருமுறைகூட அது பொய்யானதில்லை. அதனால் எங்கள் பக்கம் எல்லா வீட்டு ஷெல்ஃபிலும் அந்தப் பாக்கெட் இருக்கும்.

ஒரு நாளைக்கு நாலு டம்ளர் கொடுத்தேன். குடித்தாள், தாகம் கூடியது. தாகம் கூடியதால் இன்னொரு டம்ளர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போனாள். குளுக்கோஸ் ஆரம்பித்த ரெண்டாம் நாள் பாத்ரூம் தரையில் எறும்பு வரிசை வரிசையாக வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எறும்பு சாக்பீஸால் வாசலில் ஒரு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூடையோடு அளத்திலிருந்து ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. ஆனால் அவள் எழுந்து நடந்தே மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. உதடு ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது.

கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் டிராயரில் கிடந்தது. அதன் பேட்டரி கசிந்து போயிருந்ததால் டிவி ரிமோட்டில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன். அம்மா விரலில் மாட்டினேன். 87. துடைத்துவிட்டு வேறு விரலில் மாட்டினேன். 86. என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 99. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

சித்தப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன் போட்டேன். "சித்தப்பா, ஆள எறக்கி வுட்டுட்டு உடனே வா. அம்மாவுக்கு மூச்சு நிக்குது." நிற்கவில்லை, வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வாயில் அப்படித்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "சுகர் இருக்கா?"

"இல்ல சிஸ்டர்" என்றேன் நான், பட்டென்று. அம்மா சுவரைப் பார்த்தாள்.

நர்ஸ் விரலில் குத்தி ஸ்டிரிப்பை வைத்தார். நம்பர் வரவில்லை. சர்க்கரை மெஷினின் அளவைத் தாண்டிப் போனால் அது நம்பர் காட்டாது. இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "அம்மா, சுகருக்கு மாத்திரை ஏதாவது போட்டிருக்கீங்களா?"

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேம்ப்புல சொன்னாங்க. ரெண்டு வருஷமாச்சி. கொஞ்ச நாள் போட்டேன்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவான்."

அது உண்மை. உப்புத் தண்ணீரில் நிற்கும் காலில் வெடிப்பு வரும். சுகர் உள்ளவர்களுக்கு அது ஆறாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பெண்ணை மேஸ்திரி அனுப்பிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு அம்மா என்னிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "காய்ச்சலுக்கு என்ன குடுத்தீங்க?"

"குளுக்கோஸ். நாலு டம்ளர். டெய்லி."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

"நீ என்ன பண்ற?"

"பயோகெமிஸ்ட்ரி... முடிச்சிருக்கேன்."

அவர் கேஸ் ஷீட்டில் 'குளுக்கோஸ்' என்று எழுதினார். ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பாரும்மா, ஃப்ளூ எல்லாருக்கும் வர்றதுதான். சுகர் இவ்ளோ ஏறிக் கெடந்தா உடம்பால அத எதுத்து நிக்க முடியாது. நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. காய்ச்சல் சுகர ஏத்துது, சுகர் காய்ச்சல ஆற வுட மாட்டேங்குது. இங்க வெச்சுக்க முடியாது, பாண்டிக்குப் போயிடுங்க."

ஆம்புலன்ஸ் ஈசிஆரில் பறந்தது. ரெண்டு பக்கமும் உப்புப் பாத்தியும் உப்புக் குவியலும் பின்னால் ஓடின. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விரலில் இருந்த நம்பரையே பார்த்தேன். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது அம்மா மாஸ்க்கைத் தூக்கினாள்.

"மேஸ்திரிகிட்ட டைபாய்டுன்னு சொல்லு."

"மாஸ்க்க போடும்மா!"

"சொல்வியா மாட்டியா?"

"சொல்றேன், சொல்றேன். போடு."

ஐசியுவில் நாலு நாள். ஒரு பக்கம் இன்சுலின் சொட்டு, ஒரு பக்கம் சலைன், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். உள்ளே ஏதாவது பீப் அடித்தால் வெளியே நான் எழுந்து கதவருகே போய் நிற்பேன். செகண்ட் இயரில் இன்சுலின் பற்றிய பெரிய கேள்விக்கு நாலு பக்கம் எழுதினேன். 'நோய்த்தொற்றின்போது ரத்தச் சர்க்கரை உயரும்' என்று ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். முழு மார்க். அந்த அடிக்கோடுதான் நாலு நாளும் கண்ணில் நின்றது.

ஐந்தாம் நாள் மாஸ்க்கை எடுத்தார்கள். அம்மா முதலில் கேட்டது டீ. சர்க்கரை போடாமல் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பாத்தித் தண்ணியே மேல்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், அம்மா இந்த மாதம் வரமாட்டாள் என்று மேஸ்திரியிடம் சொல்லப் போனேன். காலையில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சுகர் மெஷின் பையிலேயே இருந்தது. டைபாய்டு என்றுதான் சொன்னேன். சத்தியமாக அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடத்தான் இருந்தேன்.

கொட்டகையில் அம்மாவின் செட்டைச் சேராத ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, இருமல். தலைசுற்றல் என்றார். மேஸ்திரி டம்ளரில் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உனக்கு சுகர் இருக்கா?"

அவர் முதலில் மேஸ்திரியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "இல்லம்மா."

அதே மாதிரி. அம்மா சுவரைப் பார்த்த அதே மாதிரி.

நான் டம்ளரைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினேன்.

"ஏய், பைத்தியமா நீ?" என்று மேஸ்திரி கத்தினார்.

"எங்கம்மாவுக்கு டைபாய்டு இல்ல, சுகரு. காய்ச்சல்ல இதத்தான் கலக்கிக் குடுத்தேன். ஐசியு வரைக்கும் போயி வந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அம்மாவின் வேலையை நானே போக்கிவிட்டேன். திரும்பி வேகமாக நடந்தேன்.

பின்னால் இருமல் சத்தம். அந்த அக்கா வந்துகொண்டிருந்தார். உப்புக் குவியலுக்குப் பின்னால், கொட்டகையிலிருந்து தெரியாத இடத்தில் நின்று, பேசாமல் விரலை நீட்டினார்.

அவசரத்தில் முதல் ஸ்டிரிப்பை வீணாக்கிவிட்டேன்.

"பொறுமையா பாரு கண்ணு, நானும் பயந்துதான் வந்திருக்கேன்" என்றார்.

ரெண்டாவது ஸ்டிரிப்பில் நம்பர் வந்தது. 412. நான் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.