மேலே ஒரு மாத்திரை, கீழே ஒரு மாத்திரை

அப்பா பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே பஸ் ஓட்டினார். ஒரு ராத்திரி மேலே தங்கல், மறு ராத்திரி பழனியில் வீட்டில். அந்த ரூட்டில் ஓடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருந்தது. மலையில் இருக்கிற உடம்பு வேறு, தரையில் இருக்கிற உடம்பு வேறு. மேலே தங்குகிற அறையில் ஆணிக்கு ஆணி ஸ்வெட்டரும் மஃப்ளரும் தொங்கும். அவை ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. மேலே கட்டங்காப்பி, கீழே மோர். மேலே வந்த நோவுக்கு மேலே வைத்தியம், கீழே வந்ததற்குக் கீழே. இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அப்பாவுக்கு மேலே இளைப்பு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. அது மேலே அறையில், ஸ்வெட்டர் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருந்தது. கீழே அவருக்கு வயிற்றுப் புண். நேரங்கெட்ட சாப்பாடு, டீ, பீடி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் மதுரைக்கு அனுப்பி, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, புண்தான் என்று உறுதி செய்துகொண்டு, வயிற்றில் அமிலம் ஊறுவதைக் குறைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்போது அது ஓரளவு புதிசு. நான் பழனியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். அமிலம் என்றதும் எனக்கு ஒரே உற்சாகம். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்குவது பழைய வழி, ஊறுகிற இடத்திலேயே குழாயை மூடுவது இந்த மாத்திரையின் வழி என்று அம்மாவுக்கு அடுப்படியில் வகுப்பெடுத்தேன். "குழாயோ கொடமோ, வலி நின்னாச் சரி" என்றாள் அம்மா.

வலி நிற்கவில்லை. காரணம், அப்பா அந்த மாத்திரையை வீட்டில் இருக்கிற நாளில் மட்டும் போட்டார். அது தரை மாத்திரை அல்லவா! மேலே போகும்போது அவருக்கு அது ஞாபகத்துக்குக்கூட வராது. பஸ் ஸ்டாண்டு டாக்டர் அடுத்த முறை நன்றாகத் திட்டினார். "ஒரு நா விட்டு ஒரு நா போட்டா புண்ணு எப்படிய்யா ஆறும்? வலி நின்னாலும் நிறுத்தக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் தெனமும் போடணும்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். அன்றைக்கே சட்டைப் பையில் வயிற்று மாத்திரை ஏறியது. கையோடு, டாக்டரம்மா சொன்னதையும் இத்தனை நாள் ஒழுங்காகக் கேட்கவில்லையே என்று நினைத்து இளைப்பு மாத்திரையையும் கீழே கொண்டுவந்துவிட்டார். ரெண்டு டாக்டருக்கும் ஒரே சமயத்தில் நல்ல பிள்ளை ஆகிவிட்டார். காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வயிற்று வலி குறைந்தது. ஆனால் அப்பா தூங்கவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டல் என்றார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். ஒரு நாள் டம்ளரைக் கீழே வைக்கும்போது அது தட்டில் கடகடவென்று ஆடியதை நானும் அம்மாவும் பார்த்தோம். அவர் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அம்மா சனிக்கிழமை காலையில் என் கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து, "அப்பா கூடப் போயிட்டு வா தாயி. மேல சில்லுனு இருக்கும், சுத்திப் பாத்துட்டு வா" என்றாள். கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க என்னை அனுப்புகிற அம்மாவா? எனக்குப் புரிந்துவிட்டது.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் இடது கையையே பார்த்தேன். கியர் ராடு மேல் கை போனால் ராடே துடிப்பது போலத் தெரிந்தது. கண்டக்டர் முன்னால் வந்து குனிந்தார்.

"என்னண்ணே, இன்ஜின் ஆடுதா, நீங்க ஆடுறீங்களா?"

"ஒஞ் சோலியப் பாருலே."

"எஞ் சோலி இந்த வண்டிக்குள்ளதானண்ணே கெடக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டிக்கெட் கொடுக்கப் பின்னால் போகவே இல்லை. சவரிக்காடு வரை படிக்கட்டுப் பக்கமே நின்றார். வடகவுஞ்சியில் மேற்கூரையில் வாழைத்தார் ஏற்றும்போது அப்பா இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப ஏறினார். பஸ் முழுக்க ஆட்கள். என் மடியில் யாரோ ஒரு அக்காவின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நாடி பிடித்தார், கையை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"வேற ஏதாவது டேப்லெட் சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்லைங்கம்மா."

சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு இருக்கிறது! அவர் ஏன் மறைத்தார் என்று பிறகு யோசித்தேன். அந்த அம்மா காசு வாங்காமல் வருஷக்கணக்காகப் பார்க்கிறவர். கீழே ஒருத்தரிடம் காசு கொடுத்து வைத்தியம் பார்ப்பதை இவரிடம் சொல்வது, ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக் குழம்பைப் புகழ்வது மாதிரி அவருக்கு. பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. மரியாதை என்றுதான் நினைத்திருப்பார்.

எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. "வயித்துப் புண்ணுக்குச் சாப்பிடுறாரு டாக்டர், பையில இருக்கு" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டாக்டரம்மா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத எப்ப இருந்து தெனமும் போடுறீங்க? நடுக்கம் எப்ப இருந்து?" அப்பா ரெண்டுக்கும் ஒரே பதில் சொன்னார். அவர் வாயாலேயே அது வந்தது.

"தப்பான மருந்து ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் நல்ல மருந்துதான். ஆனா இளைப்பு மாத்திரைய ஒடம்ப விட்டு வெளியேத்துறது லிவரோட வேலை. இந்த அசிடிட்டி மாத்திரை அந்த வேலைய ஸ்லோ பண்ணிடும். வெளிய போக வேண்டியது உள்ளயே நிக்கும். மேல மேல சேரும்."

"ஆளு ஏறிக்கிட்டே இருக்கு, எவனும் எறங்கல" என்றார் அப்பா மெதுவாக.

"அதேதான்."

"ஓவர்லோடுங்க."

"விட்டா ஃபிட்ஸே வரும். ஸ்டீயரிங்க பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது வந்தா?"

அந்த அம்மா அவசரப்படாமல் சொன்னார். இளைப்பு மாத்திரையை அப்போதே நிறுத்தியாக வேண்டும். படபடப்பு இறங்கும்வரை அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். பிறகு தேவையென்றால் அளவைக் குறைத்து அவரே தருவார். வயிற்று மாத்திரையை அப்பாவாக நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது, அதைப் பற்றிக் கீழே உள்ள டாக்டரிடம் அவர் பேசிக்கொள்வார். முதுகு வலிக்கு டிரைவர்கள் கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை புண்ணைக் கிளறும், அது வேண்டாம். பீடியும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் புண்ணில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்த அப்பா, கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஆட்டவில்லை. தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டரம்மா.

"கை நடுங்குதுன்னு ஓனர் காதுக்குப் போச்சுன்னா, மலை வண்டியே தரமாட்டாருங்கம்மா. அப்புறம் கீழ டவுன் வண்டிதான். அதுகூட நிச்சயமில்ல."

"அப்ப நடுங்கலன்னு சொல்லிட்டு ஓட்டுவீங்களா?"

அப்பா தன் கையைப் பார்த்தார். மடியில் வைத்திருந்தபோதே அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம், "கண்டக்டரக் கூட்டிட்டு வா புள்ள, வெரசா" என்றார்.

கண்டக்டர் ஓடி வந்தார். அப்பா அவரிடம் நேராகச் சொன்னார்: "சாயங்கால வண்டிக்கு வேற ஆளப் போடச் சொல்லி ஆபீசுக்குப் போன் போட்டுரு. என்ன ஏதுன்னு கேட்டா உள்ளதச் சொல்லு. மறைக்காத."

"அப்பாடா! ஒரு வாரமா மாதாவையும் முருகனையும் சேத்துல்லண்ணே கும்பிட்டுக்கிட்டு வந்தேன்."

"ஏன்டா ஏங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கேப்பீகளாக்கும்!"

அடுத்தடுத்த நாட்கள் அப்பாவுக்கு லேசாக இருக்கவில்லை. படபடப்பு அடங்கியதும் பஸ்ஸில் பயணியாகக் கீழே இறங்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் வலது கால் தரையை அமுக்கியது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்து, "அண்ணே, பிரேக்கு எங்கிட்டதான் இருக்கு" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். ஓனர் கோபப்பட்டார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் மலைப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்றார். பஸ் ஸ்டாண்டு டாக்டரோ, இளைப்புக்கு மருந்து சாப்பிடுவதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று எகிறினார். "நீங்க வயித்தத்தானங்க கேட்டீங்க" என்றார் அப்பா. அந்த டாக்டர் பிறகு உட்காரச் சொல்லி, நெஞ்சிலிருந்து கால் வரை எல்லாவற்றையும் முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நடுக்கம் சில நாளில் அடங்கியது. இளைப்பு எட்டிப் பார்த்தபோது டாக்டரம்மா குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்தார். வயிற்றில் வலி சுத்தமாக இல்லாமல் போன பிறகும் அப்பா அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். "இன்னும் எதுக்குங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "வலி நின்னா புண்ணு ஆறிருச்சுன்னு அர்த்தமில்லையாம்" என்று, நான் பாடம் எடுக்கத் தொடங்குவதற்குள், டாக்டர் சொன்னதை அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாரம், காலை வண்டியில் அப்பா மறுபடி ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். யாரும் அனுப்பவில்லை. வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். பேத்துப்பாறைக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் பொறுமை இழந்து பின்னாலிருந்து கத்தினார்: "ஏப்பா டிரைவரு, ஓட்டுறியா உருட்டுறியா? பொழுதே சாஞ்சிரும் போல!"

"அவசரமின்னா எறங்கி நடங்கய்யா" என்று அப்பா திரும்பாமலே சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனார்.