சூடம் அணையும்வரை ஓடும் வண்டி

தம்பி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் முடிவதற்குள் அவன் வண்டியில் இரண்டு பேட்டரிகள் செத்துவிட்டன. அம்மா போனில் அதைச் சொன்னபோது எரிச்சலாகத்தான் வந்தது. ஓட்ட ஆளில்லாத பழைய பைக்குக்கு எதற்கு பேட்டரி என்று கேட்டேவிட்டேன்.

"காலைல அந்தச் சத்தம் கேக்கலேன்னா எனக்கு விடியவே மாட்டேங்குதுட்டி" என்றாள்.

சென்னையில் மாணவர்களுக்கு மின்னியல் சொல்லித்தரும் நான், மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ரயிலேறினேன்.

மெக்கானிக் அண்ணாச்சி பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்திருந்தார். "சார்ஜ் ஏத்துற காயில் போயிருக்கும், இல்லேன்னா ரெக்டிஃபையர். பழைய வண்டி, பேசாம தள்ளிவிட்ருங்க" என்பது அவர் யோசனை. விற்கிற பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மத்தியானம் சாரல் விட்டதும் வண்டியோடு உட்கார்ந்தேன். மீட்டரை மாட்டியதும் பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை முறுக்கினேன். முள் பதினாலைத் தொட்டது; சார்ஜ் ஏறுகிறது. காயில் நன்றாக இருந்தது, ரெக்டிஃபையரும் நன்றாக இருந்தது. வண்டியை அணைத்தபின் எங்கும் கரண்ட் கசியவில்லை. குறையே இல்லாத வண்டியில் பேட்டரி ஏன் சாகிறது? ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டு தூங்கப் போனேன்.

விடிந்ததும் விடை வாசலுக்கு வந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து ஹெட்லைட்டுக்குத் திருநீறு பூசினாள். படியில் தட்டு வைத்துச் சூடம் ஏற்றினாள். சாவியைத் திருகி, செல்ஃப் பட்டனை அமுக்கி, தம்பி செய்வதைப் போலவே ஹெட்லைட்டை வீட்டைப் பார்த்து எரியவிட்டாள். வண்டி நின்ற இடத்திலேயே, உறுமாமல், பைய ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைகூப்பி நின்றாள். சூடம் அணைந்ததும் சாவியைத் திருப்பி எடுத்தாள்.

நான் பேட்டரியில் மாட்டிய மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறவே இல்லை, இறங்கிக்கொண்டே வந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கும்மா. நின்ன எடத்துல ஓடுனா சார்ஜ் ஏறாது. ஸ்டார்ட் பண்ணும்போது எடுத்ததக்கூட திருப்பிக் குடுக்காது. லைட்டு வேற எரியுது. ரோட்டுல ஓடணும்."

அம்மா அணைந்த சூடத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நான் தெனமும் பாத்துக்கிட்டதுலதான் செத்துச்சா?"

தம்பி படுக்கையில் கிடந்த மாதங்களில் அவனுக்குக் கஞ்சியும் மருந்தும் கொடுத்தது, துடைத்துவிட்டது, எல்லாம் அவள்தான். இல்லம்மா, இல்லம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

லைட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் முறுக்கிப் பிடித்தால் போதும் என்று வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். தெரு முழுக்க உறுமல் கேட்டது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்ட்டி. இது அவன் சத்தம் இல்ல. அவன் பையதான் எடுப்பான்."

மறுநாள் காலை சூடவாசனையில் விழித்துக்கொண்டேன். படுத்தபடியே பார்த்தேன். வண்டிச்சாவி ஆணியில் தொங்கியது. சூடம் அணையும்வரை அம்மா வாசலில் நின்றாள். வராத அந்தச் சத்தத்துக்காக நானும் காத்துக்கிடந்தேன்.