அம்மாவின் கறுப்பு

எங்கள் தேயிலை எஸ்டேட் பக்கம் வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படம் மாட்டினால், ஆள் போய்ச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம். கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அம்மாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவள் வேலையிலிருந்து நிற்கப்போகிற வாரம். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். அந்த முகத்தை அப்படியே எங்கள் லயத்து வரிசை வீட்டில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

குமுளியில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தேன். வாங்கி வந்து பிரித்தால், கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று எழுதித் தேதிக்கு இடம் விட்டிருக்கிறான் புண்ணியவான்! அதைக்கூடப் பழக்கதோஷம் என்று விட்டிருப்பேன். அம்மாவின் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுப்பாக்கி, சுருக்கத்தை எல்லாம் வழித்து எடுத்திருந்தான். சண்டைக்குப் போனேன். கறுப்பாகவே மாட்ட யாருக்குப் பிடிக்கும், எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்றான். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, யாரு இது?" என்று கேட்டாள்.

இனி எவன் கையையும் எதிர்பார்ப்பதில்லை, நானே ஒரு பிரிண்டர் வாங்குகிறேன் என்று கிளம்பினேன். கடைக்காரர் நான்கு மைப் பிரிண்டர் ஒன்றைத் தட்டிக் காட்டி, இதில் எல்லாம் வரும் என்றார். அம்மா படத்தைக் கொடுத்து, அடித்துக் காட்டுங்கள் என்றேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அம்மா பாசி பிடித்தவளாக இருந்தாள். வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தால் ஊதா. கலர் மைகளைக் கலந்துதான் கறுப்பு வரும், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னார். சரி, கறுப்பு மையை மட்டும் போட்டு அடியுங்கள் என்றேன். கன்னம் முழுக்க மிளகைத் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது.

மூலையில் பெரிய பிரிண்டர் ஒன்று இருந்தது. கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளும் உண்டாம். அதில் அடிக்கச் சொன்னேன்.

"அது ரிசார்ட்டுக்காரங்க வாங்குறது, அக்கா. லயத்துச் சுவருக்கு இதே போதும்."

போதுமா? சுற்றுலா வந்தவன் எடுத்த யானைக்குச் சாம்பல் மை வேண்டும், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற என் அம்மாவுக்குப் பாசி போதுமா? இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மனிதர் அதில் அடித்துக் கொடுத்தார்.

கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நெற்றி வியர்வையில் வெளிச்சம், கண்ணுக்குக் கீழே சுருக்கம், கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். அம்மா அம்மாவாகவே இருந்தாள். அடுத்த வருஷக் கல்யாணங்களை நம்பித் தவணையில் அந்தப் பிரிண்டரையே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா அந்தப் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடமே நீட்டினாள்.

"இது நாந்தான். பத்திரமா வச்சிரு. நான் போன பெறகு அந்தச் சுண்ணாம்பு மூஞ்சியப் போட்டுராத, இதப் போடு."

இத்தனை பேரோடு மல்லுக்கட்டியது இதைக் கேட்கவா? வந்த ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்து, அவள் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே அப்போதே ஆணி அடித்தேன்.